காயை விடுங்கள், குழம்பைக் கூட்டி வையுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. கேட்பவர் திருமணமாகி மண்டபத்துக்கு வந்தவர். ராமநாதபுரத்தில் அலுவலக வேலை, ஏழரை மணி பஸ். வீட்டில் கணவர், மாமனார், மாமியார், பள்ளி செல்லும் பிள்ளை என ஐந்து பேர். வீடியோக்களைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக் காயையும் நறுக்கி டப்பாக்களில் அடுக்கினார். புதன்கிழமைக்குள் பாதி குழைந்துவிட்டது. மாமியார் பிரீசரில் வைத்த மீனைத் தொடமாட்டேன் என்கிறார். காலைச் சமையலை ஒரு மணி நேரத்தில் முடிக்க வழி உண்டா, அதற்குப் பெரிய பிரிட்ஜ் வாங்கவேண்டுமா என்று கேட்கிறார்.

வழி உண்டு. ஆனால் நீங்கள் தவறான இடத்தில் நேரத்தைத் தேடியிருக்கிறீர்கள். பீன்ஸ் நறுக்கப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். நாளைக் காலையில் ஒரு கண் கடிகாரத்தின்மேல் இருக்கட்டும். சின்ன வெங்காயம் உரிப்பது, புளி ஊறக் காத்திருப்பது, தேங்காய் துருவுவது, மிக்சியைக் கழுவிக் கழுவி அரைப்பது, வெங்காயமும் தக்காளியும் வதங்கும்வரை அடுப்பருகே நிற்பது, மீன் அலசுவது ஆகிய ஆறும்தான் உங்கள் காலையைத் தின்கின்றன. இவற்றில் ஐந்தை முன்கூட்டியே செய்து வைக்கலாம், சரியாக வைத்தால் அவை சீக்கிரம் கெடுவதும் இல்லை. நறுக்கிய காயோ வெட்டுப்பட்ட நொடியிலிருந்து கெட ஆரம்பிக்கிறது. அதிலும் நம் கரையோரக் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது. டப்பாவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஈரம் உள்ளே போய் வியர்த்து, காய் வழவழப்பாகிறது. உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை.

ஆகவே முதல் வேலை குழம்பு. மீன் இல்லாமல், தேங்காய் இல்லாமல், குழம்பை மட்டும் கூட்டிக் கொதிக்கவைத்துச் சுண்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு மூன்று வேளைக் குழம்புக்கு என் கணக்கு: முக்கால் கிலோ சின்ன வெங்காயம், முக்கால் கிலோ தக்காளி, 150 கிராம் பூண்டு, 200 மில்லி நல்லெண்ணெய், 150 கிராம் புளி, குழம்பு மிளகாய்த்தூள் உங்கள் வீட்டுக் காரத்துக்கு ஏற்ப எட்டு முதல் பத்து மேசைக்கரண்டி. எண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தையும் பூண்டையும் பொன்னிறமாக வதக்குங்கள். தக்காளி கரைந்ததும் தூளைப் போட்டு, தீயைக் குறைத்து, பச்சை வாசனை போகும்வரை புரட்டுங்கள். பிறகு கெட்டியாகக் கரைத்த புளி, உப்பு. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மேலே வரும்வரை சுண்டவேண்டும். அகப்பையில் எடுத்தால் தொக்கைவிடச் சற்று இளக்கமாக விழவேண்டும், அதுதான் பதம். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம், அதில் நீங்கள் நின்று கிளறும் நேரம் பாதிதான்.

இதை ஆறவைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஆழமான சட்டியிலேயே விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். நோய்க்கிருமிகள் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான், நம் ஊரில் வெறும் அறைச்சூடே அதன் நடுவில் நிற்கிறது. அகலமான தாம்பாளத்தில் பரப்புங்கள், மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து பிரிட்ஜுக்குள் போய்விடவேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் கட்டிய நீர் சொட்டி மேல்பகுதி புளித்துப் பூக்கும். மூன்று நான்கு நாட்களுக்குக் கீழ்த்தட்டு போதும். அதற்கு மேல் வேண்டிய டப்பாவை அன்றே பிரீசரில் வைத்துவிடுங்கள், ஒரு மாதம் தாராளமாக இருக்கும்.

காலையில் நடப்பது இவ்வளவே: டப்பாவைச் சட்டியில் கவிழ்த்து, தேவையான தண்ணீர் விட்டுக் கொதி வந்ததும் மீனைப் போடுகிறீர்கள். பாறை, விளைமீன் துண்டுகளுக்கு எட்டுப் பத்து நிமிடம், நெத்திலிக்கு நான்கு நிமிடம்கூட அதிகம். அதே குழம்பில் வெள்ளிக்கிழமை முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போடலாம், வேகவைத்த மொச்சை போடலாம். மீன் வராத நாளில் கருவாடு போடலாம். ஒரே அடிப்படையிலிருந்து ஒரு வாரத்தில் மூன்று வேறு குழம்பு வரும்போது, ஒரே சாப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது என்ற முணுமுணுப்பும் வராது.

தேங்காயை இதில் சேர்க்கவே கூடாது. அரைத்த தேங்காய் நம் சூட்டில் காலையில் ஊற்றினால் மாலையில் புளிப்பு காட்டும். தங்கச்சிமடம், உச்சிப்புளி பக்கம் தோப்பு வைத்திருக்கும் உறவினர் யாராவது உங்களுக்கு மொத்தமாகக் காய் தரக்கூடும். கிடைத்தால் முழுக்காயாகவே வைத்துக்கொள்ளுங்கள், உடைத்த பிறகுதான் அவசரம். இரண்டு மூன்று காயை ஒரே மூச்சில் துருவி, ஒரு பகுதியைச் சீரகத்தோடு மைய அரைத்து ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறையவிடுங்கள். மீதித் துருவலைத் தட்டையாகப் பைகளில் பரப்பி பிரீசரில் வையுங்கள், உருண்டையாகக் கட்டினால் பெயர்க்கச் சுத்தியல் வேண்டும். குழம்பு இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு இரண்டு கட்டி போட்டால் கரைந்துவிடும். சட்னிக்கு மட்டும் அன்றன்று துருவியதே நல்லது. உறைந்த தேங்காயில் அரைத்த சட்னி பிரிந்து தண்ணீர் விடும்.

புளியை வாரம் ஒருமுறை கரைக்கலாம். அரைக் கிலோவைக் கொட்டை நீக்கி வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டி, கொஞ்சம் உப்புச் சேர்த்துக் கூழ்ப்பதத்துக்குக் காய்ச்சி, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், புளியின் அமிலம் அதைக் கரைத்துக் குழம்புக்குள் கொண்டுவரும். ரசம், சாம்பார் எதற்கும் ஒரு கரண்டி எடுத்தால் வேலை முடிந்தது.

இஞ்சி பூண்டு விழுதில் ஒரு எச்சரிக்கை. நிறைய எண்ணெய் ஊற்றி மூடினால் மாதக்கணக்கில் வெளியிலேயே இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். பூண்டு மண்ணுக்குள் விளைவது, மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில், அறைச்சூட்டில், அவை முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். நிறம், மணம், சுவை எதிலும் மாற்றம் தெரியாது. பிரிட்ஜில் நான்கு நாள், மீதியைச் சிறு கட்டிகளாகப் பிரீசரில் என்ற வரம்பைத் தாண்டாதீர்கள்.

சின்ன வெங்காயத்தை உரிப்பதற்கு முன் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரும் எவரும் இதைச் செய்யலாம். உரித்ததைத் துடைத்து உலர்த்தி மூடி வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும், ஈரத்தோடு வைத்தால் மறுநாளே வாடை.

இனி மிளகாய்த்தூள். நம் மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு பாக்கெட்டில் தூள் வாங்குவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குண்டாக, தடித்த தோலோடு, காரத்தைவிட நிறம் தூக்கலாக இருக்கும் அந்த வற்றல்தான் மீன் குழம்புக்கு அந்த இருண்ட சிவப்பைத் தருகிறது. தோல் தடித்திருப்பதால் உள்ளே ஈரம் தங்கிவிடும் என்பது அதில் உள்ள ஒரே சிக்கல். வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்குங்கள், விதை கலகலவென்று உருளவேண்டும். கைக்குள் அமுங்கினால் இன்னும் இரண்டு வெயில் பாக்கி. பூஞ்சை பிடித்து உள்ளே கறுத்த வற்றலை, விலை பார்த்து மற்றவற்றோடு சேர்த்துத் திரிக்கவேண்டாம். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு வறுப்பதாலும் கொதிப்பதாலும் போவதில்லை.

ஒரு கிலோ மல்லிக்கு அரைக் கிலோ முண்டு வற்றல், 100 கிராம் சீரகம், 50 கிராம் மிளகு, 50 கிராம் விரலி மஞ்சள், ஒரு கைப்பிடி வெந்தயம். இது என் கணக்கு, பக்கத்து வீட்டில் வேறு இருக்கும், இரண்டுமே சரிதான். மில்லில் திரித்து வாங்கிய தூளைத் தூக்கோடு மூடி வைக்காதீர்கள். செய்தித்தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, பெரும்பகுதியை ஒரு பாட்டிலில் அடைத்து எடுத்து வைத்துவிட்டு, அன்றாடத்துக்கு ஒரு சிறு டப்பா மட்டும் அடுப்பருகே இருக்கட்டும். கொதிக்கும் சட்டிக்கு மேலே டப்பாவைக் கவிழ்த்துத் தட்டும் பழக்கம்தான் தூளைக் கட்டியாக்குகிறது. ஈரமில்லாத கரண்டியால் எடுத்துப் போடுங்கள். மழை மாதங்களுக்கான தூளை வெயில் இருக்கும்போதே திரித்துவிடுவது நல்லது.

மீனுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைதான் ஆயத்தநாள் என்று யார் வகுத்தது? நம் கரையில் கிழமையைத் தீர்மானிப்பது கடல். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்களில் நாட்டுப்படகுகள் என்ற முறை இருக்கிறது. விசைப்படகு கரை திரும்பும் காலையில் பெரிய மீனும் இறாலும் கணவாயும் கொட்டிக்கிடக்கும், விலையும் இறங்கும். அந்த நாளைப் பிடியுங்கள். நீங்கள் பஸ்ஸுக்கு ஓடுவீர்கள், சரி. கடற்கரைக்கு மாமனார் போகலாம், கணவர் போகலாம். மீன் வாங்குவது வீட்டு ஆண்களுக்குப் பிடித்த வேலை, ஐஸ் வாங்குவதைத்தான் மறந்துவிடுவார்கள். மீனும் ஐஸும் ஏறத்தாழ சரிபாதி எடை இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஐஸில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கும்பளா, சூரை, சாளை, வஞ்சிரம் போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. முகம் சிவந்து, உடல் தடித்து அரிக்கும், தலை வலிக்கும். ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டில் சொல்வதில் ஒரு பங்கு இதுவாக இருக்கக்கூடும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது, உறையவைத்தாலும் அழியாது. வெயிலில் பையில் தொங்கிக்கொண்டு வந்த மீனைப் பிறகு பிரிட்ஜில் வைத்துப் பயன் இல்லை.

வெட்டித் தருபவரிடமே செதில், குடல், செவுள் எல்லாம் நீக்கித் துண்டாக்கி வாங்கிவிடுங்கள். அதற்குக் கொடுக்கும் காசு நீங்கள் செலவழிப்பதிலேயே மிகவும் உருப்படியான காசு. காரல், சூடை, நெத்திலி போன்ற பொடிமீன் விலை குறைவு, ருசி அதிகம், ஆனால் ஆய்வதற்குள் பொழுது போய்விடும். வேலைநாளில் பெரிய மீன், விடுமுறை நாளில் பொடிமீன் என்று வைத்துக்கொண்டாலே வாரத்துக்குச் சில மணி நேரம் மிச்சம். நண்டை எடுத்து வைக்கும் யோசனையே வேண்டாம், உயிரோடு வாங்கி அன்றே ஆக்குங்கள். கணவாய் நேர்மாறு. சுத்தம் செய்து உறையவைத்தால் சதை இன்னும் மிருதுவாகும். இறாலை ஓடும் குடலும் நீக்கி, டப்பாவில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள். காற்றுப் படாததால் ஓரம் வறண்டு போகாது.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒத்துக்கொண்டுவிட்டுப் பேசினால் சமாதானம் எளிது. வீட்டு பிரீசர் மெதுவாகத்தான் உறையவைக்கும். மெதுவாக உறையும்போது சதைக்குள் இருக்கும் நீர் பெரிய பனித்துகள்களாகி நார்களைக் கிழிக்கிறது. பிறகு உருகும்போது சாறு வடிந்து மீன் சக்கையாகிறது. அவர் நாக்கு பொய் சொல்லவில்லை. இதைக் குறைக்க வழி உண்டு. ஒரு வேளைக்கான துண்டுகளை மட்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், ஒரே அடுக்காகத் தட்டையான பையில் பரப்பி, காற்றைப் பிழிந்து வெளியேற்றி, பிரீசரின் அடித்தட்டில் படும்படி வையுங்கள். ஒரு கிலோவை உருண்டையாகத் திணித்தால் உறையவே ஒரு நாள் ஆகும். உப்பும் எலுமிச்சையும் தடவி உறையவைக்காதீர்கள். உப்பு நீரை இழுக்கும், எலுமிச்சை சதையை வெளிற வைத்து உதிரச் செய்யும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் போதும், உப்பு பொரிப்பதற்குச் சற்று முன்.

வேண்டிய பையை முந்தின இரவே பிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி, அடியில் ஒரு தட்டு வைத்துவிடுங்கள். காலையில் மேடைமேல் போட்டு உருக்கினால் வெளிப்புறம் கெடத் தொடங்கிய பிறகும் உள்ளே கல்லாக இருக்கும். உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. இப்படி வைத்த மீனைப் பொரிக்காமல் குழம்புக்கோ புட்டுக்கோ எடுத்தால், வடிந்த சாற்றின் குறை தெரியாது. புதிதாக வந்த அன்று பொரியல், இரண்டாம் நாள் குழம்பு, பிரீசர் மீன் புட்டு என்று வரிசை வைத்துப் பாருங்கள். மாமியாருக்குப் புட்டில் வித்தியாசம் தெரிகிறதா என்று நான் பந்தயம் கட்டமாட்டேன், தெரிந்தாலும் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலோரத்தில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். அந்த மாதங்களுக்காக பிரீசரை மீனால் நிரப்பாதீர்கள். எண்ணெய்ச் சத்துள்ள மீன் இரண்டு மூன்று மாதத்தில் பிரீசரிலேயே காறல் வாடை பிடிக்கும். அப்போது கைகொடுப்பது கருவாடு.

நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, மண் போகப் புடைத்து, ஒரு வெயில் காட்டி பாட்டிலில் வைத்தால் காலையில் வெந்நீரில் அலசி வதக்குவது பத்து நிமிட வேலை. பெரிய கருவாட்டைத் துண்டாக்கி வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் படலம் தெரிந்தால் வாங்கவேண்டாம், உப்பிலேயே வளரும் நுண்ணுயிரி அது. மழைக்காலத்தில் கருவாட்டுக்கு பிரீசரே சரியான இடம், புழுவும் வராது, பூஞ்சையும் வராது. வீடு முழுக்க வாசம் என்று புகார் வந்தால் இரட்டைப் பை. கீழக்கரைப் பக்கம் புழங்கும் மாசிக் கருவாட்டைத் தட்டிப் பொடித்து ஒரு பாட்டில் வைத்திருங்கள். வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறோடு பிசைந்தால் அடுப்பே இல்லாமல் தொட்டுக்கொள்ள ஒன்று தயார்.

பருப்பு வேகவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கரையில் குடிவந்த எவரும் ஒருநாள் கேட்பீர்கள். கிணற்று நீரிலும் ஆழ்துளை நீரிலும் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. குக்கரில் ஆறு விசில் விட்டாலும் அது கரையாது. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் குறைவாகக் கிடைத்தால் அதை வேகவைப்பதற்கு வைத்துக்கொண்டு, கழுவுவதற்கு மட்டும் ஊர்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். துவரம்பருப்பை அரை மணி நேரம், கடலை, மொச்சை, காராமணியை இரவு முழுவதும் ஊறவைத்தால் எரிவாயுவும் மிச்சம். ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போடுங்கள். உப்பு போட்டால் வேகாது என்பார்கள். உண்மையில் சோடியம் அந்தக் கால்சியத்தை வெளியே தள்ளித் தோலை இளக்குகிறது. புளியும் தக்காளியும்தான் வேகும் முன்பு சேரக்கூடாது. ஊறிய கடலை, மொச்சையை ஒரு பெரிய குக்கர் வேகவைத்து, வடித்து, ஆறவிட்டு, கிண்ணக் கணக்கில் பிரீசரில் போட்டுவிடுங்கள். உறைந்தபடியே குழம்பில் கொட்டலாம்.

இட்லி மாவை வாரத்துக்கு ஒருமுறை அரைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் புளிக்கவிட்டுவிட்டு, வியாழக்கிழமை புளிப்புத் தாளவில்லை என்பார்கள். அரைத்ததும் பாதியைப் புளிக்காமலே, உப்பும் போடாமல், நேராக பிரிட்ஜில் வையுங்கள். தேவைக்கு முந்தின மாலை எடுத்து உப்புக் கலந்து வெளியே வைத்தால் காலையில் புது மாவு. சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழியும், ஆகவே இரவு படுக்கப்போகும்போது வெளியே எடுத்தால் போதும். மார்கழியில் மாலையிலேயே எடுக்கவேண்டும். கோடையில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைப்பது நல்லது, கல் சூடேறினால் உளுந்து பொங்காது.

காய்கறிக்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை. பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், பாகற்காய், முருங்கைக்காய் ஆகியவற்றை இரண்டு நாளைக்கு நறுக்கி, அடியில் துணி விரித்த டப்பாவில் வைக்கலாம். கத்தரிக்காய், வாழைக்காய், உருளைக்கிழங்கு அன்றன்றுதான், கறுத்துவிடும். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து முழுசாக வையுங்கள். முருங்கைக்கீரையைக் கொத்தாகத் துணியில் இறுக்கிச் சுற்றி இரவு வைத்தால், காலையில் உதறினால் பாதி இலை தானாக உதிர்ந்து கிடக்கும். உருவும் வேலை மிச்சம்.

இவற்றை எல்லாம் ஒரே நாளில் செய்யப் புறப்படாதீர்கள். அந்த நாள் உங்களுக்கு விடுமுறையாகவே இருக்காது. படகு வரும் நாள் மாலையில் மீன் பிரிப்பதும் குழம்பு கூட்டுவதும். இன்னொரு மாலையில் புளியும் தேங்காயும். மாவும் ஊறவைப்பதும் இரவு வேலைகள், ஐந்து நிமிடம்தான். வெங்காயம் உரிப்பது கணவருக்கு. இதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: முன் ஆயத்தம் எல்லாம் உங்கள் ஒருவர் தலையிலேயே விழுந்தால், காலையில் மிச்சமான நேரம் இரவில் போய்விடும்.

பெரிய பிரிட்ஜ் பற்றி. இப்போது உங்களிடம் இருப்பது ஒற்றைக் கதவு என்றால், அதன் மேல் அறை உண்மையான பிரீசர் அல்ல. மீனை மாதக்கணக்கில் காக்க மைனஸ் 18 டிகிரி வேண்டும், அந்த அறை பெரும்பாலும் அதை எட்டாது. அதில் மீனை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காமல் இருந்தால் அதுவே போதும், இரண்டு கதவு வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நினைவில் வையுங்கள். புயல் சின்னம் உருவானால் மின்சாரம் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. நிறைந்திருக்கும் நல்ல பிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் வரை குளிர் காக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். கீழ்த்தட்டுகள் நான்கு மணி நேரம்தான். ஒற்றைக் கதவின் மேல் அறைக்கு இவ்வளவு நேரத்தை எதிர்பார்க்காதீர்கள். மழை அறிவிப்பு வந்ததும் காலி இடங்களைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி உறையவிடுங்கள். அந்த வாரத்துக்கு மீன் வாங்கிச் சேர்க்காமல், இருப்பதைத் தீர்த்துவிட்டு, குழம்பு டப்பாவும் கருவாட்டுப் பாட்டிலும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பிரிட்ஜுக்கான பணத்தில் முதலில் வாங்கவேண்டியவை மிக்சிக்கு இன்னொரு ஜாரும், ஒரே அளவில் பத்து எவர்சில்வர் டப்பாவும்தான்.